தம்பி பெயரில் ஒரு கடிதம்: சித்திரக்கதை வாசகிகளைத் தேடி

ஈரோடு புத்தகத் திருவிழா 2005-இல் தொடங்கியது. மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் விழா. ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும். அந்த நாட்களில் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் வெளியூர்களிலிருந்து வந்து அங்கே கூடுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. சென்னைக்காரர், சேலத்துக்காரர், தெற்கேயிருந்து இரவுப் பேருந்தில் வந்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த வங்கி ஊழியர் என்று பலரும் இருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டெக்ஸ் வில்லர் பெரியவரா, கேப்டன் டைகர் பெரியவரா என்பதில் வந்து நிற்கும். ஐம்பது வயதுக்காரர்கள் பத்து வயதுக்காரர்களாகிச் சண்டை போடுவார்கள். பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஒருமுறை அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நானும் போய் நின்றேன். கையில் நான்கு புத்தகங்கள். ஒருவர் மிகுந்த மரியாதையோடுதான் கேட்டார்: "பையனுக்கு வாங்கறீங்களாங்க?" இல்லை, எனக்குத்தான் என்றேன். "அப்படிங்களா, ரொம்பச் சந்தோசமுங்க" என்றவர் அடுத்ததாகக் கேட்டது, "பழைய முத்து எத்தனை வச்சிருக்கீங்க?" ஒன்றுகூட இல்லை என்றேன். பேச்சு அத்தோடு முடிந்துபோனது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தமிழில் சித்திரக்கதை வாசிப்பின் வரலாறு என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டு வகைச் சான்றுகளால் ஆனது. இதழ்களில் அச்சான வாசகர் கடிதங்கள் ஒன்று. வீட்டு அலமாரிகளில் மிஞ்சிய சேகரிப்புகள் மற்றொன்று. இரண்டிலும் பெண்கள் மிகக் குறைவு. எனவே பெண்கள் சித்திரக்கதை படிக்கவில்லை என்று ஒரு முடிவு வந்துவிடுகிறது. "லேடீஸ் இதெல்லாம் படிக்க மாட்டாங்க" என்பதை ஓர் இயற்கை விதிபோலச் சொல்கிறார்கள். நான் படித்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் படித்தார்கள். பிறகு ஏன் தடயம் இல்லை என்பதுதான் என் கேள்வி.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியது 1972 ஜனவரியில். முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் தொடங்கி, ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கோடுகளில் வந்த கதை. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் உடலில் பாய்ந்தால் மறைந்துவிடுவான். அந்தக் கை மட்டும் தெரியும். அதே 1972-இல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் பெண் ஓவியர்கள் சிலர், ஆண்களின் சித்திரக்கதைக் கூட்டம் தங்களைச் சேர்த்துக்கொள்ளாததால், தாங்களே கூடிப் பெண்களின் சித்திரக்கதை இதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒருசேர அறிய எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

1984 ஜூலையில் இரண்டு இதழ்கள் ஒரே மாதத்தில் வந்தன. ஒன்று தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸ். மற்றொன்று சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் தொடங்கிய லயன் காமிக்ஸ். ராணி வார இதழ் அதற்கு முன்பே பெண்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்த பத்திரிகை. அது தொங்கிய அதே பெட்டிக்கடைக் கயிற்றில்தான் ராணி காமிக்ஸும் தொங்கியது. லயனின் முதல் நாயகியோ ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. ஆக, வாசலில் பெண்களுக்குத் தடை எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.

தடை வேறு இடத்தில் இருந்தது. வாசகர் கடிதம் என்றால் கீழே பெயர் இருக்கும், ஊர் இருக்கும். கிராமத்துக்கு அது போதும், தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அப்படித்தான் அந்தக் காலத்துப் பையன்கள் ஒருவருக்கொருவர் பேனா நண்பர்களானார்கள். இன்று ஈரோட்டில் தோளில் கைபோட்டு நிற்பவர்களில் சிலருடைய நட்பு அப்படி அச்சான ஒரு வரியில் தொடங்கியது. அதே வரி ஒரு பெண்பிள்ளையின் பெயரோடு வந்திருந்தால்? முன்பின் தெரியாத ஓர் ஆணிடமிருந்து அஞ்சலட்டை வரும். அதை உறையில்கூடப் போட்டிருக்க மாட்டான். தபால்காரர் படிப்பார், திண்ணையில் இருப்பவர்கள் படிப்பார்கள், பிறகு அப்பா படிப்பார். பள்ளிக்கூடம் நின்றுபோக அது ஒன்றே போதும். எங்கள் பக்கத்தில் ஆணும் பெண்ணும் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினாலே இரண்டு வீட்டுக்கும் ஆள் போகும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு சித்திரக்கதை இதழுக்குக் கடிதம் எழுதினேன். கதையில் ஒரு விஞ்ஞானியின் மகள் முதல் பக்கத்தில் கடத்தப்படுகிறாள், கடைசிப் பக்கத்தில் மீட்கப்படுகிறாள், நடுவில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டிருந்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் தம்பி பெயரை எழுதினேன். யாரும் சொல்லித்தரவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தது. கடிதம் அச்சாகி வந்தது. தம்பி அப்போது நான்காம் வகுப்பு. வகுப்பில் எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்களாம். இரண்டு வாரத்தில் தென்மாவட்டத்துப் பையன் ஒருவனிடமிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது. தம்பிக்குப் பதில் எழுதத் தெரியவில்லை, விருப்பமும் இல்லை. நான் எழுதினேன். ஓராண்டுக்கும் மேலாக எழுதினேன். ஸ்பைடர், மாயாவி, லாரன்ஸ், டேவிட் எல்லோரையும் பற்றி இரண்டு பையன்கள்போலப் பேசிக்கொண்டோம். கெட்டவார்த்தை ஒன்றைக்கூட ஒருமுறை துணிந்து எழுதினேன். "லீவுக்கு உங்க ஊருக்கு வரட்டுமா நண்பா?" என்று அவன் கேட்ட நாளோடு நிறுத்திவிட்டேன். ஈரோட்டில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் யாராவது ஒருவராக இருக்குமோ என்று தோன்றும். கேட்டதில்லை.

பெயரை மாற்றிக்கொண்ட பெண்களின் வரிசை நீளமானது. 1940-இல் பிரெண்டா ஸ்டார் என்ற பெண் நிருபரின் கதையை அமெரிக்கச் செய்தித்தாள்களில் வரையத் தொடங்கிய மெசிக்கின் இயற்பெயர் டாலியா. பெண் பெயரோடு அனுப்பினால் பத்திரிகை ஆசிரியர்கள் மதிக்கவில்லை என்பதால் ஆணா பெண்ணா என்று தெரியாத 'டேல்' என்று மாற்றிக்கொண்டார். மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓடானலோ, காதல் சாகச நாவல்கள் எழுதும்போது 'மேடலின் பிரென்ட்' என்று பெண் பெயர் வைத்துக்கொண்டார். அவர் மாற்றிக்கொண்டது சந்தைக்காக. வேண்டியபோது கழற்றி வைத்துவிடலாம். டாலியா கடைசிவரை டேல்தான்.

கடிதம் எழுதியது ஓரத்தில் நடந்த ஒன்று. எங்கள் உண்மையான சித்திரக்கதைப் பேச்சு நடந்தது தறிக்கூடத்தில். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டியே விசைத்தறி, கூலிக்கு நெய்வது. தறி ஓடும்போது பேசினால் காதில் விழாது. உதட்டசைவும் கைச்சாடையும்தான். பேச வேண்டுமென்றால் கரண்டு போக வேண்டும். கரண்டு போனதும் திடீரென்று ஓர் அமைதி வரும் பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தார் போடும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்காருவார். "அம்மிணி, அந்தக் கைக்காரன் என்ன ஆனான்? எடு பாக்கலாம்" என்பார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், படம் இருந்ததால் வேகமாகப் போவார். நான் வசனம் படிப்பேன், அவர் கட்டம் கட்டமாக விரலை நகர்த்துவார். அம்மா அடுப்படியிலிருந்தே கேள்வி கேட்பார். அம்முச்சி வந்திருந்தால் கதையே மாறிவிடும். வில்லனுக்குக் கல்யாணம் ஆகவில்லையா, சோறு யார் ஆக்கிப் போடுகிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்.

மாயாவி மறைய மின்சாரம் வேண்டும் என்பது அந்த அக்காவுக்குத் தீராத சிரிப்பு. "நம்மூருக்கு வந்தான்னா அவன் மறையவே முடியாது போ, கரண்டு எங்க இருக்குது?" இன்னொரு நாள், "ஆளு தெரியாது, கை மட்டும் தெரியும், அதுவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நம்மளாட்டத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தார் போடப் போய்விட்டார். கரண்டு வந்துவிட்டது.

இந்தப் பேச்சில் ஒரு சொல்கூட எங்கும் அச்சாகவில்லை. ஒரு புத்தகத்தைக் குறைந்தது நான்கு பெண்கள் படித்தோம். கணக்கில் வந்தது தம்பி ஒருவன்தான், புத்தகம் வாங்கக் காசு கொடுத்தனுப்பப்பட்டவன் அவன் என்பதால்.

நான் மட்டும் விடுபட்டவள் என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். எங்கள் வீட்டு வாசலைக் கூட்ட வரும் அம்மாவோடு என் வயதுப் பெண் ஒருத்தி வருவாள். நாங்கள் படியில் உட்கார்ந்து படிக்கும்போது அவள் வாசலில், முருங்கை மரத்தடியில் நின்று கேட்பாள். படிக்கு ஏறி வந்ததில்லை. வரக்கூடாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் அவளை "வா, போ" என்பேன். அவள் என்னை "வாங்க அம்மிணி, போங்க அம்மிணி" என்பாள். இருவரும் ஒரே பள்ளி. ஒருமுறை அவள் கேட்டாள்: "படத்தை எனக்குக் காட்டுவீங்களா?" நான் புத்தகத்தைத் திருப்பித் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். கையில் கொடுக்கவில்லை. நான் தம்பி பெயரிலாவது எழுதினேன். அவளுக்கு ஒரு பக்கத்தைப் புரட்டக்கூடக் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

மாடஸ்டிக்கு வருகிறேன். 1963 மே மாதம் லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் தொடங்கி 2001 வரை வந்த கதை. முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. இரண்டாம் உலகப் போரின்போது பாரசீகத்தில் தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைத் தான் பார்த்ததாகவும், அவள் நினைவிலிருந்தே மாடஸ்டி பிறந்ததாகவும் ஓடானல் சொன்னார். நாடில்லை, பெற்றோரில்லை, குடும்பப் பெயரைக்கூடத் தானே வைத்துக்கொண்டவள். கூட்டாளி வில்லி கார்வின் அவளை "இளவரசி" என்றுதான் அழைப்பான். தமிழ் வாசகர்களும் இன்றுவரை அவளை இளவரசி என்றே சொல்கிறார்கள். அவர்களுக்குள் காதல் இல்லை. கல்யாணமும் இல்லை. ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆண் வாசகர்கள் இளவரசியின் அழகைப் பேசினார்கள். எங்கள் வாசற்படியில் பேசியது வேறு. "அண்ணன் தங்கச்சியும் இல்ல, புருசன் பொண்டாட்டியும் இல்ல, அப்ப இவனுக்கு இவ என்ன முறை?" என்று அம்மா கேட்டார். முறை சொல்ல முடியாத ஓர் உறவு எங்கள் வீட்டில் அதற்கு முன் பேசப்பட்டதில்லை. அக்கா நெடுநேரம் யோசித்துவிட்டு, "சிநேகிதம்னு வெச்சுக்கலாம்" என்றார். பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் அந்தச் சொல் புழங்கியது.

அந்தக் காலத்துத் தமிழ்ச் சித்திரக்கதைகளில், வெளிநாட்டுப் படங்களில் குறைவாக உடுத்தியிருந்த பெண்களுக்கு இங்கே மசியால் ரவிக்கை வரைந்து மூடுவது வழக்கமாக இருந்தது. அவசரமாகப் பூசிய கறுப்பு, கழுத்தில் தொடங்கித் தொடையில் முடியும். சேகரிப்பாளர்கள் இதை நகைச்சுவையாகச் சொல்வார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த மசி எங்களைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். மூடப்படாத படம் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் எங்கள் வாசற்படிக்கு வந்திருக்காது, தம்பியின் பாடப்புத்தகத்துக்குள் போயிருக்கும். தணிக்கையை ஆதரிக்கிறேனா என்றால் இல்லை. நடந்தது அதுதான்.

ஈரோட்டுக் கூட்டத்தின் பெருந்தலைவர் டெக்ஸ் வில்லர். 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். எழுதியவர் ஜான்லுயிஜி பொனெல்லி, வரைந்தவர் கலெப்பினி. நவஹோ இனத்து மனைவி லிலித் இறந்துவிட, மகனோடும் தோழர்களோடும் குதிரையில் அலைபவர். அந்தக் கதைகளில் பெண்கள் அரிது. ஆனால் டெக்ஸை வெளியிட்ட நிறுவனத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு பெண், பொனெல்லியைப் பிரிந்த மனைவி தெயா. முதலில் 'டெக்ஸ் கில்லர்' என்று இருந்த பெயரை, கொலைகாரன் என்று ஒலிக்கிறதே என்று 'வில்லர்' ஆக்கியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. ஒரு முறை ஈரோட்டில் இதைச் சொன்னேன். "அட, தெரியாதுங்களே!" என்று இருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அன்றுதான் முதன்முறையாக எனக்கு நாற்காலி போட்டார்கள். அரிய தகவல் கொடுத்தால் இடம் கிடைக்கிறது. சும்மா படித்தவள் என்றால் கிடைப்பதில்லை. சும்மா படித்த ஆண்களுக்கு எப்போதும் நாற்காலி உண்டு.

சரி, என்னிடம் ஏன் பழைய முத்து ஒன்றுகூட இல்லை? கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடித்தார்கள். பரண்மேல் இருந்த இரண்டு சாக்கு மூட்டைகள் பழைய பேப்பர்காரருக்குப் போயின. "போற எடத்துக்கு இதையெல்லாமா தூக்கிட்டுப் போவாங்க?" என்றார் அம்மா. என்னோடு படியில் உட்கார்ந்து மாடஸ்டிக்கு முறை கேட்ட அதே அம்மா. தம்பியின் கிரிக்கெட் மட்டை மட்டும் பரண்மேலேயே இருந்தது, அவன் அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவன். சேகரிப்பாளன் ஆவதற்கு முதல் தேவை இடம் மாறாத ஓர் அலமாரி. பிறந்த வீடு, விடுதி, புகுந்த வீடு, வாடகை வீடு என்று போகிறவர்களிடம் புத்தகம் தங்காது. "எத்தனை வச்சிருக்கீங்க" என்ற கேள்விக்கு வரலாற்று ரீதியான பதில் அதுதான். அன்று நண்பரிடம் அதைச் சொல்ல நேரமில்லை.

மர்ஜான் சத்ரபியின் ஈரான் வரைகதை நூல்களைத் தமிழில் கோவை விடியல் பதிப்பகம் கொண்டுவந்தது. அதை வகுப்பில் வைத்தபோது மாணவிகளிடம் வேறென்ன சித்திரக்கதை படிக்கிறீர்கள் என்று கேட்டேன். பாதி வகுப்பு கைபேசியில் கொரிய வெப்டூன் படிக்கிறது. 2004-இல் கொரியாவின் நேவர் நிறுவனமும் வெளியிடத் தொடங்கிய வடிவம், பக்கம் புரட்டாமல் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போவது. விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் படித்து, காலையில் காந்திபுரம் பேருந்தில் அடுத்த அத்தியாயம் என்னவாகும் என்று அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கத்தலைக் கேட்க எனக்கு எங்கள் வாசற்படி நினைவு வந்தது. அங்கே எழுதுவீர்களா, உங்கள் கருத்தை, என்று கேட்டேன். "எழுதுவோம் மேம், ஆனா எங்க பேர்ல இல்ல" என்றாள் ஒருத்தி. ஏன் என்றேன். "பொண்ணுன்னு தெரிஞ்சா தனியா மெசேஜ் வரும்." என் தம்பி கதையைச் சொன்னேன். நம்பமுடியாமல் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் அண்ணன் பெயரில் எழுதுகிறாளாம்.

இப்போதெல்லாம் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் சித்திரக்கதை கிடைத்தால் கதையைப் பார்ப்பதற்கு முன் அட்டையின் உட்பக்கத்தைப் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் கோணல் எழுத்தில் பையன்களின் பெயர்கள் இருக்கும், வகுப்பு, பிரிவு எல்லாம் போட்டு. பின்னட்டைதான் எனக்கு வேண்டியது. புள்ளிக் கோலம் போட்டுப் பார்த்திருப்பார்கள், பதினைந்து புள்ளி, இடுக்குப்புள்ளி எட்டு வரை. மளிகைச் சீட்டு இருக்கும். வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் யார் என்று அது சொல்லும். பெயர் இருக்காது.

போன மாதம் கிடைத்த ஒன்றில் பென்சிலால் ஒரு மாதத்துப் பால் கணக்கு. தேதிக்கு எதிரே அரை, அரை, முக்கால், அரை. இரண்டு நாள் "வரவில்லை". கடைசியில் கூட்டித் தொகை. அதே பென்சிலில், அதே கையெழுத்தில், ஓரத்தில் சின்னதாக: "47ஆம் பக்கம் கிழிந்து விட்டது, கடைக்காரனிடம் கேட்க." புரட்டிப் பார்த்தேன். 46-க்கு அடுத்து 49.